நாற்பது நாள் விடுப்பு

ஏற்காட்டில் எண்பது ரூபாய்.
எச்சிவேரியா என்று அட்டையில் எழுதியிருந்தது.
வாய்க்கு வராமல் கோகிலவாணி அதைக் கல்ரோஜா ஆக்கினாள்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
மடியில் அணைத்து வந்தவள்
சூரமங்கலம் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கட்டையில் வைத்ததும்
மறந்துபோனாள்.

மறதிதான் அதற்கு உரம்.

நான் சரக்கு வண்டி ஓட்டுகிறவன்.
ராத்திரி ஒன்றரைக்கு போன் வரும்.
ஜோலார்பேட்டை, ஈரோடு, மறுபடி ஜோலார்பேட்டை.
லோக்கூர் ஏற்றத்தில்
ஐம்பத்தெட்டு பெட்டியும் மூச்சு வாங்கும்போது
வீட்டு ஞாபகம் ஒன்று வந்து இறங்கிப்போகும்.
மூன்றாம் நாள் திரும்பினால்
பிள்ளைக்குப் பரீட்சை முடிந்திருக்கும்,
மாமனாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருக்கும்.
தோள்பையை இறக்காமலே ஜன்னலைப் பார்ப்பேன்.
அடி இலை சுருங்கியிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர்.
இல்லையென்றால் அதுவும் இல்லை.
ஏன் வரல என்று கேட்காதது
அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

போன மார்கழியில் எஞ்சின் படியில் பனி.
வலது மணிக்கட்டு. மாவுக்கட்டு. நாற்பது நாள்.

என்ன செய்வான் மனுஷன்.
எழுந்ததும் ஊற்றினேன்.
டீ குடித்துவிட்டு ஊற்றினேன்.
இடது கையால் இலை இலையாகத் தூசு துடைத்தேன்.
அது தூசில்லை,
வெயிலுக்கு அதுவே பூசிக்கொள்ளும் வெண்மாவு என்பதும்
துடைத்த இலைக்கு அது திரும்ப வராது என்பதும்
துடைத்த பிறகு தெரிந்தது.

பதினெட்டாம் நாள் அடி இலைகள் கண்ணாடியாயின.
நல்லாக் கொழுத்திருக்கு என்றேன்.
இருபதாம் நாள், தொட்டதும் கையோடு வந்தது
வெந்த பூண்டுப் பல் மாதிரி.

கோகிலவாணி எட்டிப் பார்த்தாள்.
"நீங்க டூட்டிக்குப் போயிருந்தா பிழைச்சிருக்கும்."
அதில் வேறென்ன இருந்தது என்று
நான் கேட்கவில்லை.

பிளேடைத் தீயில் காட்டி அவள்தான் அறுத்தாள்.
தண்டுக்குள் கறுப்பு.
கொஞ்சம் மேலே, அங்கும் கறுப்பு.
இன்னும் மேலே,
வெள்ளரிப் பிஞ்சின் உள்பச்சை.
வேரில்லாத தலையைக் காலி டம்ளர் வாயில் உட்காரவைத்து
அலமாரி நிழலில் விட்டோம், ஒன்பது நாள்.
தண்ணீர் கிடையாது, மண் கிடையாது.
நாங்களும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.
சண்டை என்று சொல்ல முடியாது.

வெட்டு வாய் காய்ந்து தோல் கட்டியது.
ஆற்று மணல், செங்கல் பொடி, ஒரு பிடி மக்கிய எரு.
மேலே பரப்ப வெள்ளைக் கல் ஏழெட்டை
பீரோவிலிருந்து எடுத்து வந்தாள்.
மாக்னசைட் ஜங்ஷனில் வண்டி நின்றபோது பொறுக்கி
கல்யாணமான வருஷம் நான் கொண்டுவந்து கொடுத்ததாம்.
எனக்குச் சுத்தமாக நினைவில்லை.

இப்போது மாசி. கட்டு பிரித்தாயிற்று.
நடுவில் புதிதாக நாலு இலை, மாவு கலையாமல்.
கீழ்வரிசை இலையொன்றில்
என் இடது பெருவிரல் ரேகை அப்படியே இருக்கிறது.
புதிது வர வர அது அடிக்கு இறங்கும்,
ஆடிக்குள் காய்ந்து உதிரலாம்.

ராத்திரி ஒன்றரைக்கு போன்.
பையை எடுக்கும்போது விளக்கு எரிந்தது.
வழக்கமாக அவள் எழுந்திருப்பதில்லை.
"எத்தனை நாள்?"
"மூணு."
ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"தாங்கும்" என்றாள்.