ஏலக்கறை

பாகம் எண் நூற்று நாற்பத்து மூன்று.
ஆயிரத்து இருபத்தெட்டுப் பெயர்கள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
மூன்றாம் வகுப்பு பெஞ்சில் முழங்கால் இடிக்க
உட்கார்ந்திருக்கிறேன், கட்சியின் பூத் ஏஜெண்ட்.

தெருவைச் சொன்னால் சின்னத்தைச் சொல்லிவிடுவேன்
என்று பேர் எனக்கு.
மேலத்தெரு நமக்கு.
பள்ளிவாசல் தெரு அவர்களுக்கு, மம்மது கனி வீடு தவிர;
தம்பியோடு பாகவழக்கு நடக்கிறது,
தம்பி எந்தப் பக்கமோ இவர் அதற்கு எதிர்ப்பக்கம்.
தெலுங்குக்காரர் தெருவில் பெரிசுகள் நமக்கு,
பையன்கள் பாதி திருப்பூரில்,
பஸ் காசு யார் தருகிறார்களோ அவர்களுக்கு.
சர்ச் தெரு கேள்விக்குறி.
கீழக் காலனிக்குப் பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறி.
செத்தவர்கள் பதினேழு பேர், அவர்களுக்கு வட்டம்.

ஐப்பசி மழையில் இடைத்தேர்தல்.
ஒன்பது மணிக்குப் பதினொரு சதவீதம்,
பதினொரு மணிக்கு இருபத்தாறு.
மேலத்தெரு குடைபிடித்து முதலிலேயே வந்துவிட்டது.
ஒரு மணிக்கு வரிசையில்
ஒரு நாய் மட்டும் ஒதுங்கி நின்றது.

காலனிப் பெண்கள் விடியுமுன்பே ஜீப் ஏறியிருந்தார்கள்,
கம்பம்மெட்டு தாண்டி ஏலக்காட்டுக்கு.
எல்லைக்கு இந்தப்பக்கம் தேர்தல், சம்பளத்தோடு லீவு.
அந்தப்பக்கம் வெறும் புதன்கிழமை.
தோட்டத்து முதலாளி தங்கச்சனுக்கு
எங்கள் தொகுதி எந்தத் திசையென்றே தெரியாது.
பருவம் வந்த காய் நாள் தள்ளினால் வெடித்துவிடும்,
அது தெரியும்.

நாலரைக்கு ஒன்றியம் கூப்பிட்டார்.
"எத்தனை?"
"ஐம்பத்து மூணுண்ணே."
"ஜீப்பு?"
"இன்னும் எறங்கல."
"மெதுவா வரட்டும். செக்போஸ்ட்ல நம்ம பய இருக்கான்."
"சரிண்ணே" என்றேன்.

அந்த ஜீப்புகளில் ஒன்றில்
மேலத்தெருக்காரி ஒருத்தியும் உண்டு.
வரிசை எண் அறுநூற்றுப் பதினொன்று, காசியம்மாள்.
கணவர் பெயர் என் பெயர்.
போன தேர்தலில் கொடிக்கும் கொட்டகைக்கும்
நான் வாங்கிய கடனுக்கு
வட்டி பறிக்கப் போகிறாள்.
பட்டியல் கைக்கு வந்த அன்று
முதல் டிக் அவளுக்குத்தான் போட்டேன்.
கேட்கவில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஹார்ன்.
மூன்று ஜீப், ஜீப்புக்குப் பதினெட்டுப் பேர்,
தலையில் உரச்சாக்குக் கொங்காணி,
கெண்டைக்காலில் அட்டை கடித்த ரத்தம்.
சேற்றில் சறுக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.
ஆறடிக்கும்போது
வரிசையின் வாலிலிருந்து சீட்டுக் கொடுத்தபடி வந்தார் அதிகாரி.
ஐம்பத்து நான்கு சீட்டு.

மை வைக்கும் டீச்சர்
சுருளியம்மாளின் விரலைப் பிடித்துத் திகைத்தார்.
பத்து விரலும் கறுப்பு,
காம்புப் பால் ஒட்டிக் காய்ந்த கறுப்பு.
"ஏற்கெனவே மை இருக்கு" என்று எழுந்து சொல்வது
என் வேலை.
அதற்குத்தான் பிரியாணிப் பொட்டலம்.
வாயைத் திறந்தேன்.

"மோந்து பாருங்க டீச்சர்" என்று
கையை மூக்கருகே நீட்டிவிட்டாள் அவள்.
டீச்சர் மோந்து பார்த்தார்.
அடுத்த விரல், அடுத்த விரல்.
கரும்பலகை, கூட்டல் வாய்ப்பாடு, என் சட்டை
எல்லாம் ஏலக்காய் மணத்தன.
நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உட்கார்ந்தேன்.

காசியம்மாள் என்னைப் பார்க்காமலே போனாள்.
அட்டை மறைப்புக்குப் பின்னால்
மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்,
அல்லது எனக்கு அப்படி இருந்தது.
பிறகு அந்த நீளமான பீப்.

ஐம்பத்தெட்டே கால் சதவீதத்தில் பூத்தைப் பூட்டினார்கள்.

இராத்திரி தேங்காயெண்ணெய் ஊற்றிக் கை தேய்த்தாள்.
கறை போனது, மை போகவில்லை.
"செக்போஸ்ட்ல முக்கா மணி நேரம் நிறுத்திட்டான்,
எவன் சொன்னானோ" என்றாள் என் தட்டைப் பார்த்து.
குழம்பு ஊற்றினாள்.
நான் கேட்க நினைத்தது தொண்டையில் சோற்றோடு இறங்கிற்று.

அவள் தூங்கியபின் பட்டியலை விரித்தேன்.
அறுநூற்றுப் பதினொன்றுக்கு நேரே என் டிக்.
பென்சிலைத் திருப்பித் தேய்த்தேன்;
ரப்பர் எப்போதோ தீர்ந்து
தகரம் மட்டும் இருந்திருக்கிறது,
தாள் கிழிந்தது.