விசேஷம் ஒண்ணுமில்லை

"இன்னா விசேஷம்?"
வாசப்படியிலேயே நின்று கேட்டார் தேசிங்கு,
செருப்பைக் கழற்றாமல்,
பதில் சரியில்லையென்றால் அப்படியே இறங்கிவிடுகிறவர் போல.

ஒண்ணுமில்லை என்றேன்.
சனிக்கிழமை. அவ்வளவுதான்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி.
ஓர் அறை, ஒரு சமையல் மூலை,
லுங்கி காயப்போடும் அகலத்துக்கு ஒரு பால்கனி.
பதினோரு பேரைக் கூப்பிட்டிருந்தேன்.
தட்டு பதினொன்று, டம்ளர் ஒன்பது.
ரெண்டு பேர் பாட்டிலோடு குடிப்பார்கள் என்று கணக்கு.
மருந்துக்கடைக் கல்லாவில் உட்காருகிறவளுக்குக்
கணக்கு தப்பாது.

தப்பியது.
டெல்பின் தங்கச்சியைக் கூட்டிவந்தாள்,
தங்கச்சி தன் இரட்டைப் பையன்களை,
பையன்கள் கீழ்வீட்டு நாயை.

ஐஸ் கொண்டுவருகிறேன் என்றவன் போனை எடுக்கவில்லை.
கன்னியப்பன் காசிமேட்டுக்கு வண்டியை விட்டு
கோணியில் சுற்றி அரைக் கட்டி தூக்கிவந்தான்,
வஞ்சிரத்துக்கென்று பிறந்த ஐஸ்.
பக்கெட்டில் உடைத்துப்போட்டு
பன்னீர் சோடாவைப் புதைத்தோம்.
பாட்டிலுக்கு வெளியே ஹார்பர் நாற்றம்,
உள்ளே ரோஜா.

மெஹருன்னிசா பீச் ஸ்டேஷன் பக்கமிருந்து அத்தோ வாங்கிவந்தாள்,
தூக்குவாளியில் வாழைத்தண்டு சூப்.
கேரம் போர்டு ஜெபராஜுடையது.
போரிக் பவுடர் மட்டும் என் கடைச் சரக்கு.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது.
ஏழு மணிக்கு சோடா, ஏழரைக்கு நெத்திலி,
எட்டுக்குச் சீட்டுக் குலுக்கி ஒரு விளையாட்டு,
ஒன்பதுக்குப் பிரியாணி.
சீட்டுகளை முந்தின ராத்திரியே எழுதி மடித்தேன்.
இன்னும் ஹேண்ட்பேக்கில்தான் கிடக்கின்றன.

"ஒக்காரு சரோஜினி" என்றார்கள்.
இதோ, என்றேன்.
இதோ என்று ஆறு தடவை சொல்லியிருப்பேன்.

ஏழாவது தடவை, பாதி நெத்திலியில்
கேஸ் தீர்ந்தது.

பக்கத்து வீடு வெங்கம்மா.
தண்ணி லாரியில் குடம் மாறியதிலிருந்து
எட்டு மாதமாகப் பேச்சில்லை.
வாணலியைத் துணியால் பிடித்துக்கொண்டு
கதவை முழங்கையால் தட்டினேன்.
திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை,
வாணலியைப் பார்த்தாள்.
"மஞ்சள் பத்தல."

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு
சுவருக்கு அந்தப் பக்கச் சிரிப்பைக் கேட்டபடி நின்றாள்.
"இன்னா விசேஷம்?"
ஒண்ணுமில்லைக்கா.
"ஒண்ணுமில்லாததுக்குக் கூப்புட
உனக்கு இன்னா கஷ்டம்?"

என்னிடம் பதில் இல்லை.
எண்ணெய்தான் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு தட்டை அவள் தூக்கிக்கொண்டு முன்னால் போக
என் வீட்டுக்குள் நான் விருந்தாளி மாதிரி நுழைந்தேன்.
இடமில்லை. சிலிண்டர் மேல் பலகை போட்டு உட்கார்ந்தேன்,
அது காலிதானே.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னால்
சொல்ல ஒன்றுமே இல்லை.
சிவப்புக் காயை மூன்று முறை விட்டார் ஜெபராஜ்.
நாய் பிரியாணி எலும்போடு கட்டிலடியில் தூங்கியது.
யார்டுக்குள் கூட்ஸ் வண்டி போனபோது
எல்லோரும் பாதி வாக்கியத்தில் நிறுத்தி,
கடைசிப் பெட்டி கடந்ததும்
அதே சொல்லிலிருந்து தொடர்ந்தார்கள்.
வெங்கம்மா நடுநடுவே தெலுங்கில் திட்டினாள்,
யாரை என்று தெரியாமலே சிரித்தோம்.

இந்தக் கட்டடத்தில் ஆட்கள் கூடுவது
சாவுக்கு, மஞ்சள் நீருக்கு, காதுகுத்துக்கு.
எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு உண்டு,
யார் எவ்வளவு என்று.

மறுநாள் பாத்திரம் கழுவும்போது
சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஒரு கவர்.
நூற்றியொரு ரூபாய்.
'அன்புடன் தேசிங்கு' என்று எழுதி,
எதற்கென்று எழுத வேண்டிய இடத்தில்
பேனாவை வைத்து எடுத்த புள்ளி மட்டும்.

திங்கட்கிழமை பிரஷர் மாத்திரைக்கு வந்தார்.
பில்லிலிருந்து நூற்றியொன்றைக் கழித்தேன்.
கண்டுகொள்ளாதவர் போலச் சில்லறையை எண்ணினார்.
பின்னால் வரிசை நின்றது.
பட்டையைச் சட்டைப்பையில் போட்டபடி
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"வர்ற சனிக்கிழமையும்
ஒண்ணுமில்லதானே?"