மேல்வரிசை

அம்மாவின் காப்பு
செட்டியார் தெருவில் அடைவுக்குப் போன புதன்கிழமை
என் வாய்க்குள் கம்பி வந்தது.
தங்கத்தைக் குடுத்து இரும்பு வாங்கின முதல் ஆள் நீதான்
என்றான் கபிலன்.
சிரித்தான்.
அவனுக்கும் அதே பல்.

அதே பல் என்றால் அப்பாவின் பல்.
மேலே இரண்டு, முன்னால் வந்து
கீழுதட்டில் குந்தியிருக்கும்.
எட்டாம் ஆண்டில் எனக்குத் 'திருவலை' என்று
பெயர் வைத்தவள் இப்போது நல்ல சிநேகிதி.
அவளுக்கு மறந்துவிட்டது.
எனக்குத் தேங்காய் திருவும் சத்தம் கேட்டால்
இன்னும் உதடு தானாக மூடும்.

ஆம்பிளைப் பிள்ளைக்கு எதுக்கு என்று
வீட்டில் யாரும் சொல்லவில்லை.
சொல்லாமலே முடிவானது.
கபிலன் மீசை வளர்க்கிறான்,
மேலுதட்டுக்குக் கீழே இறங்கும்வரை.

மாதம் ஒரு சனி, பொரளை.
மூன்றாம் மாடி, லிப்ட் வேலை செய்யாது.
'டிக்கக் ரிதெய்' என்பார் டொக்டர் நோனா,
கொஞ்சம்தான் நோகும் என்று.
எது கொஞ்சம் என்பதை
ஞாயிறு இரவு பல் சொல்லும்.
ரப்பர் என்ன நிறம் என்று கேட்பார்கள்.
முதல் மாதம் ஊதா.
பிறகு யாருக்கும் தெரியாத சாம்பல்.
பிறகு, ஏனோ, பச்சை.

காலிமுகத்திடலில் எல்லாரும் இஸ்ஸோ வடையைக் கடிக்க
நான் இறாலை மட்டும் கழற்றி
உறிஞ்சிக்கொண்டு நின்றேன்.
காற்று பலமாக அடித்தது.
ருவைதா ஏதோ சொன்னாள்,
சிரிப்பு வந்தது,
சிரிப்புக்கு முன்னே என் கை வந்தது.
இரண்டு வருடம் நாலு மாதம்
பல்லைத்தான் நகர்த்தினார்கள்.
கைக்கு யாரும் கம்பி போடவில்லை.

கழற்றிய அன்று
நாக்கு முழு நாளும் மேல்வரிசையில் நடந்தது,
புது வீட்டுக்குள் நடப்பதுபோல.
வழவழப்பு. யாருடையதோ வாய்.
அம்மா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.
கபிலன் கதவடியில் நின்று பார்த்தான்,
கொஞ்சம் அதிக நேரம்.
பிறகு ஃபோனில் குனிந்துகொண்டான்.
அப்பா 'வடிவாயிருக்கு' என்றார்
வாயைத் திறக்காமல் சொல்வதுபோல.

அவர் எப்போதும் அப்படித்தான்.
நகைக்கடையில் நாள் முழுக்க
மணப்பெண்களுக்கு மாலை காட்டுகிறவர்.
கல்யாண ஆல்பத்தில் எண்பது படம்,
எண்பதிலும் உதடு தைத்த மாதிரி.
கோபத்தில் இருந்திருக்கிறார் என்றுதான்
இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும்.
ஜம்பட்டா வீதியில் ஸ்டூடியோ.
தலையை வாரி, நெற்றியைத் துடைத்து,
ஸ்டூலில் ஏறியிருந்து
காப்பின் விலையெல்லாம் தெரியும்படி
சிரித்தேன். கை மடியிலேயே இருந்தது.
நானே பார்த்து வைத்தேன்.

கமராவுக்குப் பின்னாலிருந்து குரல்:
'ஹினாவென்ன எப்பா, நங்கி.'
சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது,
அரசாங்கத்துக்கு வாய் மூடியிருக்க வேண்டும்.

மூடினேன்.
ஆறு பிரதி தந்தான், சின்ன உறையில்.
வெயிலில் நின்று பிரித்தேன்.
ஆறு பேரும் அப்பா.

இப்போது இரவில் ரீட்டெய்னர்.
போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குப் போய்விடும்,
அதற்கு வழி தெரியும் என்றார் டொக்டர் நோனா.
ரோஸ் நிறப் பெட்டி, தலையணைக்குப் பக்கத்தில்.

நேற்றுப் போடவில்லை.
மறந்தேன் என்றுதான் அம்மாவுக்குச் சொன்னேன்.
காலையில் எடுத்து மாட்டினேன்,
இறுகியது.
மேலே, முன்னால், இரண்டும்
ஓரிரவில் எவ்வளவு தூரம் நடந்திருக்குமோ
அவ்வளவு இறுக்கம்.
அறைக்கு வெளியே அப்பா
சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டிருந்தார்.
நான் விரலால் அழுத்தினேன்.
டிக்கக் ரிதுணா.