வழுவமைதி

விஜய் நகர் மூன்றாவது மாடிக்கு வந்த முதல் வாரம்
சச்தேவா ஆன்ட்டியிடம் சாவி கேட்டேன்.
சிரித்துவிட்டார்.
சாவி பெண்ணாம், பூட்டுதான் ஆணாம்.
நான் மாற்றிக் கட்டிவைத்துவிட்டேனாம்.

அன்று ராத்திரியே பட்டியல் போட ஆரம்பித்தோம்
நானும் ஸோதன்புயியும்.
அவளுக்கு ஐஸ்வால்.
அவள் மொழியிலும் மேசை வெறும் மேசைதான்.
அலமாரிக் கதவின் உட்புறம்
ஸ்கெட்ச் பேனாவால் நடுவே ஒரு கோடு.
இந்தப் பக்கம் ஜன்னல், நாற்காலி, வாளி,
ரொட்டி, வெயில், போலீஸ்.
அந்தப் பக்கம் கதவு, தண்ணீர், சோறு,
காகிதம், பனிமூட்டம், வீடு.
வீடு ஆண் என்பதை
மூன்று நாள் அவள் நம்பவில்லை.

மீசை எந்தப் பக்கம் என்று பந்தயம் கட்டி
இரண்டு தட்டு மோமோ தோற்றேன்.
மீசை பெண்.
விருதுநகரில் தினமும் காலையில்
சின்னக் கத்தரியோடு கண்ணாடி முன் நின்று
அப்பா ஒழுங்கு செய்வது ஒரு பெண்ணை என்று
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தயிருக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.
ஆன்ட்டிக்குத் தயிர் பெண்,
கான்பூர் மருமகளுக்கு ஆண்.
கீழே சமையலறையில் வளர்ந்த சண்டை
குக்கரின் நான்காவது விசிலில்தான் அடங்கியது.
நாங்கள் கோட்டின் மேலேயே எழுதினோம்: தயிர்.
அன்றைக்கு எனக்கு இந்த ஊர் கொஞ்சம் பிடித்தது.

வகுப்பில் பிழைத்துக்கொண்டேன்.
நிலவியல் ஆங்கிலத்தில் நடந்தது,
மைக்ரோஸ்கோப்புக்கு அடியில்
கண்ணாடிபோல் இழைத்த கல்துண்டு
யாரையும் அவன் அவள் என்று கேட்கவில்லை.
கேன்டீனில்தான் வியர்த்தது.
வரிசை நகர்ந்த அவசரத்தில்
‘டீ குடிக்கிறேன்’ என்பதை ஆண்பாலில் சொன்னேன்.
‘குடிங்க அண்ணே’ என்றான் பின்னால் நின்றவன்.
எல்லோரும் சிரித்தார்கள்,
நானும்தான்.
அறைக்கு வந்து வாளியில் ராடு போட்டு
தண்ணீர் சுடும் வரைக்கும் அழுதேன்.
பதினாறு நிமிஷம் ஆகும், தெரியும்.

டிசம்பரில் குளிர் வந்தாள்.
தமிழில் நினைக்கும்போதே
இப்போதெல்லாம் அப்படித்தான் வருகிறது.
கதவிடுக்கில் செய்தித்தாள் திணித்தும் வந்தாள்,
என் ரஜாய்க்குள் எனக்கு முன்னால் படுத்தாள்.
கிறிஸ்துமஸுக்கு ஸோதன்புயி ஊருக்குப் போனாள்.
அவள் கட்டிலில்
என் துவைத்த துணிகள் காயாமல் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை போன்.
வழக்கம்போல அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.
‘குளிர் ஆரம்பிச்சிருச்சா?’
‘அவ வந்து ஒரு வாரமாச்சு.’
‘யாருடி?’
‘குளிர்.’
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
‘கல்லைப் பத்திப் படிக்கத்தானே போனே’ என்றாள்.
பிறகு மப்ளர், பிறகு மிளகு ரசம்,
பிறகு ‘வச்சிர்றேன்’.

வைக்கவில்லை.
மேசைமேல் போனைப் போட்டுவிட்டு
இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.
‘அது நல்லாத்தான் இருக்கு’ என்றார் அப்பா.
‘குரலே சரியில்ல. சாப்பிடுதோ என்னவோ.’
‘தயிர் இல்லாட்டி அதுக்கு இறங்காதே.’
‘அங்க தயிரெல்லாம் கிடைக்கும்.’
‘கிடைக்கும். அது வாங்கணும்ல.’
நாற்காலி இழுபடும் சத்தம்.
ஒரு இருமல்.
‘போன வாரம்கூடப் பாரு,
அது சிரிச்சுக்கிட்டேதான் பேசுச்சு,
எனக்கு என்னமோ…’

மூச்சுச் சத்தம் போய்ச் சேராமல்
வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.
வாளியும் ஜன்னலும் அப்பாவின் மீசையும்
பெண்ணாகிவிட்ட ஊரில்
நான் மட்டும் அது.

பத்தாம் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்.
பிழைதான், ஆனால் பிரியத்தால் வந்தால் பிழையில்லை.
இரண்டு மதிப்பெண்.
நேரம் போதாமல் விட்டுவிட்டு வந்த கேள்வி.

அலமாரியைத் திறந்தேன்.
கோட்டின் மேல், தயிருக்கு அடுத்து
சோலைமதி என்று எழுதப் பார்த்தேன்.
காய்ந்துபோன ஸ்கெட்ச் பேனா.
சோலை வரைக்கும்தான் விழுந்தது.