ஐந்தாம் ஸ்லொட்

சேசிஸில் பச்சை விளக்கு எரிகிறது.
எட்டு வாய் அதற்கு.
ஒன்றில் கணினிக்குப் போகும் தடித்த கம்பி,
மற்ற ஏழிலும் கட்டுப்பல் மாதிரிக் கார்டுகள்:
நாலு கொரியர்கள் தந்தது,
இரண்டு ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்தது,
ஒன்று எப்படி வந்ததென்று
இருப்புப் புத்தகத்துக்கும் தெரியாது.
திரை சொல்கிறது:
சாதனம் எதுவும் காணப்படவில்லை.

மூன்றாம் நாள்.
ஒலுவில் காற்று யன்னல் இடுக்கால் நுழைந்து
திருகாணித் தலைகளில் உப்பு வைத்துவிட்டுப் போகிறது.
நெல்லின் ஈரம் பார்க்கும் கருவிக்கென
மாணவர்கள் செய்த பலகைகள் பன்னிரண்டு
மேசையில் கிடக்கின்றன, சோதிக்க ஆளில்லாமல்.
சம்மாந்துறைப் பக்கம் வெட்டு மெசின் இறங்கிவிட்டது.
வயல் எங்களுக்காக நிற்காது.

முனாஸிர் கம்பியைப் பிடுங்கி, ஊதி, செருகுகிறான்.
"ட்ரைவர் பழசு" என்றான்.
புதிதை ஏற்றினோம்.
"இது கூடப் புதிசு" என்றான்.
பழசுக்கு இறங்கினோம்.
கொழும்புக்குப் போன் எடுத்தால் ஒரு பெடியன்
பஞ்சில் சுற்றிய குரலில் கேட்கிறான்:
"மெடம், நிற்பாட்டிப் போட்டுப் பார்த்தீங்களா?"
போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
பத்தொன்பது தடவை, தம்பி.
கொப்பியில் குறித்திருக்கிறேன்.
எது முதல், எது பிறகு என்று மட்டும் குறிக்கவில்லை.

பிளேன்ரீக்கு வந்த தவச்செல்வி சிரித்தாள்:
"காரைதீவாளும் அட்டாளைச்சேனையாரும்
ஒத்துப்போ ஒத்துப்போ எண்டு பெட்டியிட்டக் கெஞ்சுறீங்க.
கதை எழுதலாம் கா."
எழுதலாம்.
ஆனால் நாங்கள் ஏழு வருசமாய் ஒத்துத்தான் போகிறோம்,
மின்விசிறியின் வேகம் ஒன்றைத் தவிர.
ஒத்துப்போகாதது பெட்டிதான்.
உவமை செருக அதில் இடமில்லை.

இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
சேசிஸின் விசிறிகள் இழுத்து இழுத்து ஓய்ந்தபின்
கடல் கேட்டது.
முனாஸிர் தொழப் போனான்.
நான் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

பாதிச் சோற்றில் கரண்ட் வந்தது.
சேசிஸ் தானாய் எழும்பியது.
கணினி எழும்பவில்லை, யாராவது தட்டவேணும் அதற்கு.
என் கையெல்லாம் மீன்குழம்பு.
சாப்பிட்டு முடித்து, கழுவி, துடைத்து,
ஆறுதலாய் வந்துதான் அழுத்தினேன்.

திரையில் ஒரு பெயர்.
இன்னொன்று.
ஆறு.

மறுகாதான் விளங்கியது.
கணினி கண் விழிக்கும் அந்தச் சில நொடிக்குள்
வீட்டில் யார் யார் என்று எண்ணி முடித்துவிடும்.
அந்நேரம் சேசிஸ் உறங்கிக் கிடந்தால்
ஆளில்லை என்று எழுதிக்கொள்ளும்.
பிறகு நீ பச்சை விளக்கோடு வந்து நின்றாலும்
தலையை நிமிர்த்தாது.
நாங்களோ மூன்று நாளும்
கணினியைத்தான் முதலில் எழுப்பினோம்,
அதுதான் பெரிய ஆள் என்று.

சரி, ஏழாவது?
டோர்ச் அடித்துப் பார்த்தேன்.
கார்டின் பின்புறம் இரண்டு நீள இணைப்பிகள்.
ஐந்தாம் ஸ்லொட்டில் கீழே நீளம், மேலே பாதி,
மீதிப் பாதியில் வேறு சாதித் தகடுகள்,
இந்தக் கார்டுக்குப் பிறகு பிறந்தவை.
அதே உயரம், அதே முகம், அதே திருகாணி.
முகத்தைப் பார்த்துச் செருகியிருக்கிறோம்.

உள்ளே ஊசி இரண்டு வளைந்திருந்தது.
"முதல் நாள் அமத்தினது நான்" என்றேன்.
"தெரியும்" என்றான் முனாஸிர்.
"சத்தம் கேட்டது."

வெறும் ஸ்லொட்டை மூடாவிட்டால்
காற்று அந்த வழியால் ஓடிவிடும், மற்றவை கொதிக்கும்.
மூடுதகட்டுக்கு விண்ணப்பித்தால் சித்திரை வரும்.
பிஸ்கட் டின் மூடியை வெட்டி, அராவி, பூட்டினோம்.
ரோசாப்பூப் படத்தில் பாதி தெரிகிறது.

மாலைக்குள் ஒன்பது பலகை தேறியது, மூன்று தேறவில்லை.
அந்த மூன்றின் பிழை
பெட்டியில் இல்லை என்று
இப்போது சொல்லலாம்.