சுடுதண்ணி

ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் தொட்டி.
எவர்சில்வர், எட்டடி உயரம்.
வெல்டிங் போட்ட இடமெல்லாம் கறுத்துத் தழும்பாகியிருக்கும்.
வெள்ளைப் பேஸ்ட்டைப் பிரஷ்ஷால் பூசி
அரைமணி கழித்துக் கழுவிவிட்டால்
தழும்பு இருந்த இடம் தெரியாது.
அதுதான் என் வேலை.
நாள் சம்பளம் முந்நூற்றெண்பது.

கையுறை கொடுத்திருந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன்.
வலது ஆள்காட்டி விரல் நுனியில்
ஊசி நுழைகிற அளவு ஓட்டை.
பழசைக் கொடுத்தால்தான் புதுசு,
அதுவும் சனிக்கிழமை.
அன்று செவ்வாய்.

அப்போது வலிக்கவில்லை.
மிளகாய் என்றால் உடனே எரியும்,
நெருப்பு என்றால் கையை இழுத்துக்கொள்வோம்.
இது ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனது.
புளிச்சோறு தின்றேன்.
இரும்பாலை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்,
அதே கையால்.

கஞ்சமலை இருட்டுகிற நேரம்
நகத்துக்கு அடியில் யாரோ
ரம்பம் வைத்து அறுக்கத் தொடங்கினார்கள்.
மேலே தோல் லேசாக வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.
காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர், சின்னப் பெண்,
"என்ன ஆசிட்?" என்றாள்.
வெள்ளைப் பேஸ்ட் என்றேன்.
"அதுக்கு ஒரு பேர் இருக்கும்ல?"
மூன்று வருஷம் பூசியிருக்கிறேன்.
கேட்டதில்லை.

சூப்பர்வைசர் சித்தேஸ்வரனுக்குப் போன் போட்டோம்.
"சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லிரு தைலா.
மீதிய நாளைக்குப் பேசிக்கலாம்."

விரலுக்கு நாளைவரை நேரமில்லை.

பத்தரைக்குக் கோமளவல்லி படம் அனுப்பினாள்.
காலி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள்,
கக்கூசில் தண்ணி மொள்ள.
பாதி கிழிந்த ஸ்டிக்கர்.
ஒரு கையின் படம், அதில் சொட்டுகிற துளி,
கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷ்.
டாக்டர் விரலால் பெரிசுபண்ணிப் பார்த்தாள்.
அதுவரை நடந்துகொண்டிருந்தவள்
ஓடினாள்.

ஹைட்ரோஃபுளோரிக்.
எலும்பிலுள்ள சுண்ணாம்பைத் தேடிப் போகுமாம்,
கிடைக்கும்வரை நிற்காதாம்.
களிம்பைக் கையுறை நிறையப் பிதுக்கி
என் கையை அதற்குள் நுழைத்தார்கள்.
முதலில் விரல் நுனியைத்தான் பார்த்தேன்.
ஓட்டை இல்லை.

விடிகாலையில் வலி கொஞ்சம் விட்டதும்
கோமளவல்லியைக் கூப்பிட்டேன்.
அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுரு.

"போட்டா வேற யாராச்சும் எடுத்துட்டுப் போவாங்கக்கா,"
என்றாள்.
"ஆணி வச்சு
அடியில நாலு ஓட்டை போட்டுட்டேன்."