வாய்தா

சம்மன் கொண்டுவந்தவர் கையெழுத்துக் கேட்டபோது
என் பெயரின் கடைசி எழுத்து
கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது.
பத்தாம் தேதி, மஞ்சக்குப்பம், காலை பத்தரை.

அதற்கு முன்பே கம்பெனி ஆள் வந்துபோயிருந்தார்
பழக்கூடையோடு.
"உங்க வீட்டுக்காரர்தான் வால்வைத் திறந்துட்டார்னு
ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா,
பையன் படிப்பை நாங்க பாத்துக்கறோம்."
ஆப்பிளில் இருந்த ஸ்டிக்கரை உரித்துப்
பையன் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டான்.
அன்றிரவு நான் பேனாவைத் தேடி எடுத்தேன்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
எங்கள் தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்.
கோயிலிலும் அப்படித்தான்.
பிரசங்கத்தின் நடுவே யாராவது எழுந்துபோய்க்
கொக்கியை மாட்டிவிட்டு வருவார்கள்,
ஐயர் குரல் நிற்காது.
உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு
அந்தக் காற்றிலிருந்துதான் சம்பளம்.
இவர்களிடம் போய் எதைக் கேட்பது?
மூன்று ஞாயிறு போகவில்லை.

நான்காம் ஞாயிறு மதியம் எப்சிபாய் வந்தாள்.
பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்து இடம்.
எட்டு வருஷமாக ஒரே புத்தகத்தை
ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறோம்,
அதிகம் பேசியதில்லை.
ஆறுதல் சொல்லவில்லை, ஜெபிக்கலாமா என்று கேட்கவில்லை.
தொட்டியில் கிடந்த பாத்திரங்களைத் துலக்கினாள்.
குக்கர் ரப்பர் போயிருந்ததைப் பார்த்து
மறுநாள் ஒன்று வாங்கிவந்து போட்டாள்.
கிளம்பும்போது மட்டும்:
"ஒத்தக் கையால புக்கைப் பிடிச்சா
பக்கம் திருப்ப முடியலடி."

பிறகு கமாலியேல் அண்ணன்.
அவரோடு அதே ஷெட், அதே ஷிப்ட்.
திக்குவாய். கோயிலில் வாசிக்கும் முறை வந்தால்
மகளை எழுப்பிவிடுவார்.
இருட்டியபின் வந்தார், செருப்பைக்கூடக் கழற்றாமல்
நாலாய் மடித்த தாளொன்றை நீட்டினார்.
வால்வு கசிகிறது என்று
என் கணவர் மூன்று முறை எழுதிவைத்த
லாக் புக் பக்கத்தின் நகல்.
"வெ... வெ... வெச்சுக்கம்மா."
அந்த ஒரு சொல் வந்துசேர்வதற்குள்
அவருடைய வேலையும் இரண்டு மகள்களும்
தளம் போடாத வீடும்
வாசலில் வரிசையாக வந்து நின்றன.

அன்றுதான் பேனாவைப் பையனிடம் கொடுத்தேன்,
படம் வரைந்துகொள்ள.

பத்தாம் தேதி.
ஓ.டி.யில் தனியாகத்தான் பஸ் ஏறினேன்.
கெடிலம் பாலத்தில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள்,
அந்தச் சண்டை முடியாதிருந்தால் நன்றாயிருக்கும் என்று பட்டது.

கூண்டில் நின்றேன்.
வக்கீல் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"உங்க கணவர் குடிப்பாரா?"
தொண்டைக்குள் ஒரு கொக்கி விழுந்தது.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது.
திரும்பினால், ஆல்டோ வரிசை.
கோயிலில் உட்காரும் அதே ஒழுங்கில்,
ஒரு செவ்வாய்க்கிழமையில், ஈஸ்டர் புடவைகளோடு.
எப்சிபாய்க்குப் பக்கத்தில் ஓரிடம் காலி.
கடைசியில் கமாலியேல் அண்ணன்,
கம்பெனிச் சட்டையிலேயே,
மேனேஜர் பார்வைக்கு நேராக.

பயம் போகவில்லை.
பக்கம் திருப்ப ஒரு கை கிடைத்தது, அவ்வளவுதான்.
"பண்டிகைக்குக்கூட இல்லைங்க" என்று ஆரம்பித்து
மூன்று தேதிகளையும் சொன்னேன்,
தாளைப் பார்க்காமல்.

தீர்ப்பெல்லாம் இல்லை.
அடுத்த மாதம் இருபத்து மூன்றுக்கு வாய்தா.

வெளியே டீக்கடை.
எட்டு டீ, ஒன்றில் சர்க்கரை இல்லாமல்.
"இருபத்து மூணு என்ன கிழமை?" என்றாள் எப்சிபாய்,
"லீவு சொல்லணுமே."
கமாலியேல் அண்ணன் விரல்விட்டு எண்ணினார்.
"வி... வி..."

எல்லோருக்கும் தெரியும் அது என்னவென்று.
யாரும் முந்திக்கொண்டு சொல்லவில்லை.
டீ ஆறியது. காத்திருந்தோம்.